கார் பார்த்துக் கொடுப்பவர்

பெண் பார்க்க, நிலம் பார்க்க ஆள் இருப்பதுபோல, கார் பார்க்கவும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். கொடைரோட்டில் அவர் அறுபதைத் தாண்டியவர். ஊரே ‘மாமா’ என்று கூப்பிடும். அவர் சொந்தமாக வைத்திருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் மட்டுமே. ஆனாலும் அவர் வந்து டயரை ஓர் உதை உதைத்து, பானெட்டைத் திறந்து “ம்” சொல்லாமல் அம்மையநாயக்கனூர் சுற்றுவட்டாரத்தில் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

தகுதி இல்லாத ஆள் என்று சொல்லிவிட முடியாது. ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கொடைக்கானலுக்கு மலையேற்றிவிடுவது இந்த ஊரின் பழைய பிழைப்பு. மலைச்சாலை வருவதற்கு முன்பு ஸ்டேஷன் வாசலில் மாட்டுவண்டி நின்றது, பிறகு அம்பாசிடர் நின்றது, இப்போது இன்னோவா நிற்கிறது. அம்பாசிடர் காலத்தில் மாமாவும் ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர்தான். வத்தலக்குண்டு தாண்டி, காமக்காபட்டி செக்போஸ்ட்டுக்கு மேலே எந்த வளைவில் எந்த கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கார் வாங்க வருகிறவரிடம் அவர் கேட்பவை மூன்று. மைலேஜ் என்ன, மதுரையில் சர்வீஸ் சென்டர் உண்டா, நாளைக்கு விற்றால் விலை நிற்குமா. நிறத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. வெள்ளைதான். வெயிலுக்குச் சூடு ஏறாது, கீறல் தெரியாது, விற்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சறுக்கலும் உண்டு. 2007-ல் மாருதி எஸ்எக்ஸ்4 வந்தபோது பெயரிலிருந்த நாலைப் பார்த்துவிட்டு, “நாலு சக்கரமும் இழுக்கும்” என்று ஒருவருக்கு அடித்துச் சொன்னார். இங்கே விற்ற அந்தக் காரில் இழுத்தது முன்சக்கரம் இரண்டு மட்டும். வாங்கியவர் வயற்காட்டுச் சேற்றில் இறங்கிய அன்று டிராக்டர் வந்தது.

அப்படிப்பட்டவரிடம்தான் டொரொண்டோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் பனிக்காலத்துக்குக் கார் கேட்டான். அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை. டீக்கடை களைகட்டும் நேரம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் மாமா பேசுவார்.

“டிக்கி வச்ச கார்தான் வேணும் மாமா. ஆனா நாலு சக்கரமும் இழுக்கணும். இங்க பனி கொட்டுனா ரோடே தெரியாது. 1999 ஜனவரியில மேயரே பட்டாளத்தைக் கூப்பிட்டிருக்காரு.”

“சண்டை போடவா?”

“பனி அள்ள.”

டீக்கடையில் ஒரு நிமிடம் சத்தமில்லை. கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும். விடிந்ததும் அதைக் கார் கண்ணாடியிலிருந்து பழைய பேப்பரால் துடைத்தவர் மாமா. பனியைப் பற்றிய அவரது அனுபவம் அதோடு சரி. ஆனாலும் பின்வாங்கவில்லை.

முதலில் வந்தது சுபாரு லெகசி. நாலு சக்கரத்துக்கும் விசை போவது அதில் கூடுதல் வசதியல்ல, அடிப்படை அமைப்பே அப்படித்தான். எஞ்சினில் பிஸ்டன்கள் நிமிர்ந்து நிற்காமல் எதிரெதிராகப் படுத்திருக்கும். கனம் கீழே தங்குவதால் வண்டி நிதானமாக நிற்கும் என்று மருமகன் விளக்கினான். மாமா கேட்டார்:

“மைலேஜ்?”

“ஏறக்குறைய எட்டு மாமா.”

“எட்டா? என் அம்பாசிடரே அதுக்கு மேல கொடுத்துச்சேடா!”

கனடாவில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பார்கள். எட்டு என்றால் நம் கணக்கில் பன்னிரண்டரை. இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் மாமா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மதுரையில் சுபாருவுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. இந்தியாவிலேயே அந்தக் கம்பெனி கார் விற்பதில்லை. “அப்ப வேணாம்” என்று தீர்ப்பாகிவிட்டது. கார் ஓடப்போவது கனடாவில் என்று டீ மாஸ்டர் எடுத்துச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. போதாததற்கு 2025 மாடலோடு லெகசியை நிறுத்தப்போவதாக சுபாருவே அறிவித்திருந்தது. மாமா அதைத் தன் தீர்ப்புக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்தது டொயோட்டா கேம்ரி. “மைலேஜ் அஞ்சு” என்று அவன் சொன்னதும், “இது அதைவிட மோசம்” என்றார். ஆனால் “இன்னோவா கம்பெனிதான் மாமா” என்றதும் முகம் மாறியது. புது கேம்ரி எல்லாமே ஹைப்ரிட். நாலு சக்கரமும் இழுக்கும் மாடலிலும் முன்னாலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லை. பின்சக்கரத்தைச் சுழற்றத் தனியாக ஒரு மின்மோட்டார்.

“ஷாஃப்டே இல்லாம பின்சக்கரம் சுத்துதா?”

ஆறிப்போன டீயை மாமா ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கேட்ட கேள்விதான் அவரது நாற்பது வருட மலையோட்டத்தின் கூலி.

“ஏத்தத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கும், சரி. இறக்கத்துல எதுடா நிறுத்தும்? எந்த வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்துலதானே இருக்கு?”

மருமகனுக்கு ஷோரூமில் யாரும் இப்படிச் சொல்லியிருக்கவில்லை. நாலு சக்கர இழுவை, பனியில் நின்ற வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர். சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதன் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல நுண்ணிய வெட்டுகள் இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரமும் அதற்குள் ஒரு பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் போடாவிட்டால் அபராதம். டொரொண்டோ இருக்கும் ஒன்ராறியோவில் சட்டமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு.

“அப்ப வெயிலுக்கு நாலு, பனிக்கு நாலா? எட்டு டயர்னா அது லாரிடா! மிச்ச நாலை எங்க வைப்பே?”

“கடையிலயே வாடகைக்கு வைப்பாங்க மாமா.”

டயருக்கு வாடகை என்ற செய்தி அன்று முழுக்க ஸ்டாண்டில் ஓடியது. அதோடு சாலையில் உப்புக் கொட்டிப் பனியை உருக்குவார்கள் என்பதும், அந்த உப்பே காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதும் சேர்ந்துகொண்டது. தூத்துக்குடியிலிருந்து போகிறதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, ஒன்ராறியோவிலேயே கோட்ரிச் என்ற ஊரில், ஏரிக்கு அடியில் பெரிய சுரங்கம் வைத்து வெட்டுகிறார்கள்.

கடைசியில் கேம்ரியே முடிவாயிற்று. பனிக்கால டயரும் தனியாக வாங்கினான். வண்டி எடுத்த அன்று படம் வந்தது. மாமா அதைப் பெரிதாக்கி முதலில் டயரைப் பார்த்தார், முத்திரை இருந்தது. பிறகு முழுக் காரையும் பார்த்தார். உடனே போனைப் போட்டார்.

“ஏன்டா, வெள்ளையா வாங்கியிருக்கே?”

“நீங்கதானே மாமா எப்பவும் சொல்லுவீங்க!”

“அது வெயிலுக்குடா! இந்த வெள்ளைப் பனியில ராத்திரி விட்ட வண்டியைக் காலையில எங்கடா போய்த் தேடுவே?”