வாரத்துக்கு விட்ட காகிதம்

வாத்தா, உக்காரு. உனக்குப் பேட்டன்ட் வந்துருச்சுன்னு உங்க அப்பன் ஊரெல்லாம் தமுக்கடிச்சுட்டான். டீக்கடையில இப்ப எனக்குச் சீனி கூடப் போட்டுத் தர்றாக. எங்க, அந்தக் காகிதத்தைக் கொடு பாப்போம்.

மேல இந்தி, கீழ இங்கிலீசு, சிங்க முத்திரை. மனுப் போட்ட தேதியிலருந்து இருபது வருஷத்துக்கு வேற எவனும் இதைத் தொடக்கூடாது. சரி. உரிமையாளர்னு போட்ட இடத்துல உங்க ஆபீசு பேரு. அதுவும் சரி, சம்பளம் கொடுக்குறவன் அவன்தானே. கண்டுபிடிச்சவுக வரிசையில முதல்ல உங்க பெரிய அதிகாரி, அடுத்து அவருக்கு அடுத்தவரு, நாலாவதா நீ. அந்தப் பெரிய அதிகாரி உங்க ரூமுக்குள்ள எட்டிக்கூடப் பாத்ததில்லன்னு பொங்கலுக்கு வந்தப்ப சொன்னியே! உள்ள வராமலே கண்டுபிடிக்கிறதுன்னா சும்மாவா? அந்த வித்தையை அவருகிட்டக் கேட்டுக் கத்துக்க.

அடியில பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு, பாத்தியா? இந்தப் பேட்டன்ட் உயிரோட இருக்கணும்னா வருஷா வருஷம் இந்தத் தேதிக்குக் கட்டணம் கட்டணுமாம். சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டுறதுன்னா தாராளமா மாட்டு. ஆனா அந்தப் பொடி எழுத்தைச் சட்டம் மறைச்சுடாமப் பாத்துக்க. உங்க ஆபீசு கட்ட மறந்தா, அப்புறம் முருகனுக்குத் துணையா ஒரு காகிதம் தொங்கும், அம்புட்டுத்தான்.

உப்புத்தண்ணியில இரும்புக்குழாய் அரிக்காம ஒரு பூச்சு. நல்ல சோலிதான். நம்ம பம்புசெட்டுக் குழாயைப் பாத்து வந்த யோசனைன்னு சொன்ன. அதுக்கு ஆன செலவெல்லாம் சர்க்கார் பணம். சர்க்காருக்கு எங்கருந்து வந்துச்சு? நான் வாங்குற சோப்புக்கட்டியிலயும் அதுல ஒரு பங்கு இருக்கு. இதையெல்லாம் நீ ஆபீசுல பேசிறாத. படிச்ச புள்ள இப்படிப் பேசுனா பதவி உயர்வு தள்ளிப்போகும்.

அமெரிக்காக்காரன் இதை எப்படிச் செஞ்சான்னு சொல்றேன், கேளு. அங்கயும் முன்னாடி சர்க்கார் பணத்துல கண்டுபிடிச்சதெல்லாம் சர்க்கார் பேருலதான் இருந்துச்சு. ஏறக்குறைய 28,000 பேட்டன்ட். நூத்துக்கு அஞ்சுகூடக் கம்பெனிக கைக்குப் போய்ச் சரக்கா வரல. எல்லாம் பீரோவுல. அதைப் பாத்துட்டு பேர்ச் பை, பாப் டோல்னு ரெண்டு செனட்டர்மாரு, ஆளுக்கொரு கட்சி, ஒண்ணா உக்காந்து ஒரு சட்டம் கொண்டாந்தாக. 1980 டிசம்பர்ல அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டாரு. பல்கலைக்கழகமே பேட்டன்ட்டைத் தன் பேருல வச்சுக்கலாம், கம்பெனிக்கு உரிமம் கொடுக்கலாம், ராயல்டி வாங்கலாம். கண்டுபிடிச்சவனுக்கும் அதுல பங்கு உண்டு. பீரோவுல பூஞ்சை பிடிக்கிறதுக்கு இது மேல்னு நானும் ஒத்துக்கிறேன்.

ஆனா நிலத்தை வாரத்துக்கு விட்டுப் பழகுனவன் நான். நிலம் யாரு பேருல இருக்குங்கிறது பத்திரத்துக்கு. களத்துமேட்டுல அளக்குறப்ப நமக்கு எத்தனை மரக்கால் வருது, அதுதான் வாரம். அந்த நாட்டுல அளந்த கதையைக் கேளு.

1962ல அங்கத்தி விவசாய இலாகா ஆளு ஒருத்தரு வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுல ஒரு மரப்பட்டையை உரிச்சு அனுப்புனாரு. சர்க்காரு கொடுத்த காசுல வால், வானின்னு ரெண்டு பேரு அதுக்குள்ள இருந்த சரக்கைப் பிரிச்சு, 1971ல அதோட அமைப்பை வெளியிட்டாக. வானி நம்ம நாட்டுல பிறந்தவரு. டாக்சால்னு புத்துநோய் மருந்து ஒண்ணு இருக்குல்ல, அதுதான் இது. 1991ல சர்க்காரு ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, தன்னோட சோதனைக் கணக்கையெல்லாம் அந்த ஒரு கம்பெனிக்கே கொடுத்துருச்சு. இத்தனைக்கும் மருந்துப் பொருளுக்கே பேட்டன்ட் இல்ல. அடுத்த வருஷமே மருந்து கடைக்கு வந்துருச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். 2003ல அவுக சர்க்காரோட தணிக்கை ஆபீசே கணக்கு எடுத்துச்சு. 2002 வரைக்கும் அந்த மருந்து ஆராய்ச்சிக்குச் சர்க்கார் செலவு 48.4 கோடி டாலர். கம்பெனி வித்தது 900 கோடி டாலருக்கு மேல. சர்க்காருக்கு வந்த ராயல்டி 3.5 கோடி. நூத்துக்கு அரைன்னு பேசியிருந்தாகளாம்.

நூத்துக்கு அரைன்னு நான் வாரம் பேசியிருந்தா உங்க அப்பத்தா என்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, எங்க வயசு ஆம்பளைகளுக்கு வர்ற நோயி. மூத்திரப்பைக்குக் கீழ இருக்கே, அந்தச் சுரப்பியில வர்ற புத்து. அதுக்கு எக்ஸ்டாண்டின்னு ஒரு மாத்திரை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துல, சர்க்கார் பணமும் பட்டாளத்துப் பணமும் வாங்கிக் கண்டுபிடிச்சது. 2012ல விற்பனைக்கு வந்துச்சு. 2016ல அதோட ராயல்டி உரிமையை மொத்தமா 114 கோடி டாலருக்கு வித்தாக. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 52 கோடி. மாத்திரை விலை 2023ல அமெரிக்காவுல வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல இருந்துச்சு. வரி கட்டாத வேற பணக்கார நாட்டுக்காரனுக்கு அதுல பாதி விலைகூட இல்ல. வரி கட்டுன கிழவனுக்கு மட்டும் முழு விலை. பெத்த புள்ளைக்குப் பட்டினி, வந்த விருந்தாளிக்குப் பாயசம்.

அந்த 1980 சட்டத்துல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காக. கம்பெனி நியாயமா நடக்கலைன்னா சர்க்காரே உள்ள புகுந்து அடுத்தவனுக்கு உரிமம் கொடுக்கலாம். அதைச் செய்யுங்கய்யான்னு நோயாளிக மனுக் கொடுத்தாக. 2023 மார்ச்சுல சர்க்கார் மறுத்துருச்சு. காரணம் என்னங்கிற? மருந்து பரவலாக் கிடைச்சுக்கிட்டுத்தானே இருக்கு! கடையில இருக்குல்ல, அப்புறம் என்ன குறைங்கிறாக. அந்த உரிமையை 1980லருந்து ஒரு தடவைகூட அவுக எடுத்ததில்ல. அரிவாளைத் தீட்டி எரவாணத்துல சொருகியிருக்காக, கரையான் அரிக்குது.

அதே பல்கலைக்கழகம் அந்த மாத்திரைக்கு இங்கயும் பேட்டன்ட் கேட்டுச்சு. 2016ல நம்ம பேட்டன்ட் ஆபீசு தர முடியாதுன்னுருச்சு. இப்ப உள்ளூர்க் கம்பெனிகளே அதைச் செய்யுதுக. எனக்கு அந்த நோயி வந்தா கடன் வாங்கியாவது முழுங்கலாம், காட்டை விக்க வேணாம். இங்கத்தி ஆபீசர்மாரை எந்நேரமும் வைய வேணாம்த்தா, சில நேரம் உருப்படியாவும் செய்யுறாக.

நம்ம பக்கம் இந்த யோசனை வராம இல்ல. அமெரிக்காக்காரன் மாதிரியே ஒரு மசோதாவை 2008 டிசம்பர்ல ராஜ்யசபையில வச்சாக. கண்டுபிடிச்சவுகளுக்கு வருமானத்துல குறைஞ்சது 30 சதவீதம்னு அதுல இருந்துச்சு. 2014ல திருப்பி எடுத்துக்கிட்டாக. நாலாவதா நிக்கிற உனக்கு அந்த முப்பதுல எத்தனை வந்திருக்கும்னு கணக்குப் போட்டு மனசைக் கெடுத்துக்காத. நம்ம காரைக்குடி அழகப்பச் செட்டியாரு சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூவாயும் கொடுத்தாரு. எனக்கு எத்தனை சதவீதம்னு அவரு கேட்டாரா?

சரி, உன் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டு. ஓட்டுப் போட்ட மை இன்னும் நகத்தோரம் கருப்பா நிக்குது பாரு. இதுவும் சர்க்கார் ஆராய்ச்சிதான். டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகத்துல பக்குவம் கண்டாக, என்.ஆர்.டி.சி.ங்கிற சர்க்கார் கழகம் வழியா மைசூர்ல ஒரு பெயின்ட் கம்பெனிக்குக் கொடுத்தாக. 1937ல மகாராஜா ஆரம்பிச்ச கம்பெனி, இப்ப கர்நாடக சர்க்காரோடது. 1962 தேர்தல்லருந்து அவுகதான் செய்யுறாக, இருபத்தஞ்சு நாட்டுக்கு மேல ஏற்றுமதியும் ஆகுது. வெள்ளி நைட்ரேட்டு, தோல்ல இருக்குற உப்போட சேந்து, வெயில்பட்டுக் கருத்துரும். சோப்பு, எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், எதுக்கும் மசியாது. கள்ள ஓட்டுக்குன்னு நம்ம ஊருல சில பேரு தேச்சுப் பாத்தாக. யாருன்னு கேக்காத, ரெண்டு பேரு உனக்குச் சொந்தம்.

இந்த மை மட்டும் ஏன் பீரோவுல கிடக்கல? வாங்குறவன் வாசல்லயே நின்னான். தேர்தல் கமிஷனுக்கு மை வேணும், எம்புட்டு வேணும்னும் தெரியும். உன் பூச்சுக்கு அப்படி யாரு நிக்கிறா? குடிநீர் வாரியமா, ரயில்வேயா, படகு கட்டுறவனா? பெரிய அதிகாரிகிட்ட அதைக் கேளு. முகம் சுளிப்பாரு. சுளிச்சாருன்னா சரியான கேள்வி கேட்டிருக்கன்னு வச்சுக்க.

நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் கோட்டுப் போட்டுக்கிட்டு வருவான். உங்க ஆளுக பூங்கொத்துக் கொடுத்துப் போட்டோ எடுப்பாக. நீ நாலாவதா நில்லு, சிரி. ஒப்பந்தத்தை மட்டும் கையில வாங்கிப் படி. ஒருத்தனுக்கு மட்டுமா, பல பேருக்கா? இத்தனை வருஷத்துக்குள்ள சரக்கு வரலைன்னா உரிமம் திரும்பி வருமா? விலைக்கு வரம்பு உண்டா? இந்த மூணும் இல்லைன்னா, உங்க பெரிய அதிகாரி வருத்தப்படாதபடி மெதுவாச் சொல்லு, ஐயா கேக்கச் சொன்னாகன்னு. கிழவன் மேல பழியைப் போட்டா யாரும் கோவிக்க மாட்டாக.

இன்னொண்ணு. பேட்டன்ட் ஆபீசுல 27ஆம் நம்பர் படிவம்னு ஒண்ணு இருக்குதாம். இந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவுல புழக்கத்துல இருக்கா, இல்லையான்னு எழுதிக் கொடுக்கணுமாம். இல்லைன்னா காரணம் சொல்லணுமாம். உங்க ஆபீசுல அந்தக் காரணத்தை எழுத உன்னைத்தான் கூப்பிடுவாக. உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்குமே.