ஆறு மணிக்கு மேல் இன்ஜினியர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் யாரையாவது நிறுத்தி, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. கேட்பவர் பெண் கொடுக்க வந்தவரா, கடன் கொடுக்க வந்தவரா, கம்பெனி அனுப்பிய ஆளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கேற்ற வேலையை எடுத்துச் சொல்வார். ஒரே ஒரு வேலை மட்டும் வைத்திருப்பவரை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. இருந்தால் அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருப்பார். அல்லது முதலாளியாக இருப்பார். முதலாளிக்கும் நாலு கம்பெனி உண்டு என்பதால் அவரையும் கணக்கில் சேர்க்க முடியாது.

எங்கள் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் மனை புரோக்கர். உள்ளே வருகிறவரிடம் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கும்போதே, கவரைப்பேட்டையில் சதுர அடி என்ன விலை போகிறது என்று சொல்லிவிடுவார். மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் சாயங்காலமானால் வீட்டு வயரிங் எடுக்கிறார். வெல்டர் தன் வீட்டு வாசலில் கேட்டும் கிரில்லும் அடித்துக் கொடுக்கிறார். மனிதவளத் துறையில் இருப்பவர் எல்.ஐ.சி. ஏஜென்ட். ஃபிட்டருக்கு ஆரணியாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. நடவு வந்தால் அவருடைய பாட்டி காலமாகிவிடுவார். சொர்ணவாரிக்கு ஒரு பாட்டி, சம்பாவுக்கு ஒரு பாட்டி, நவரைக்கு ஒரு பாட்டி.

நான் டிராயிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். பகலில் கியர் பாக்ஸுக்கும் பேரிங் ஹவுசிங்குக்கும் டிராயிங் போடுகிறேன். ஆறு மணிக்கு மேல் பொன்னேரியில் வீடுகளுக்குப் பிளான் போடுகிறேன். கம்பிக் கணக்கும் கையெழுத்தும் உரிமம் வைத்திருக்கும் சிவில் இன்ஜினியருடையது. கோடு மட்டும் என்னுடையது. செக்யூரிட்டி மனை காட்டுவார், நான் பிளான் போடுவேன், எலக்ட்ரீஷியன் வயர் இழுப்பார், வெல்டர் கேட் மாட்டுவார், கடன் வாங்கிக் கட்டியவரின் உயிருக்கு மனிதவளம் பாலிசி போடும். ஒரு வீட்டுக்குத் தேவையான அத்தனை பேரும் ஒரே மஸ்டர் ரோலில் இருக்கிறோம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், 2022 ஆகஸ்டில், விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி ஐ.டி. ஊழியர்கள் பக்கத்தில் இன்னொரு வேலை பார்ப்பது ஏமாற்று வேலை என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதம், போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்த 300 பேரை வெளியே அனுப்பியதாகச் சொன்னார். இன்ஃபோசிஸும் ஊழியர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியது. ஸ்விக்கி மட்டும், எங்கள் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு கொள்கையே அறிவித்தது. டி.வி. விவாதங்களில் இதற்கு 'மூன்லைட்டிங்' என்று பெயர் சொன்னார்கள். இவ்வளவு அழகான பெயரை வைத்துக்கொண்டா இத்தனை வருஷமாக நாங்கள் 'சைடு வேலை' என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று எங்கள் கேன்டீனில் வருத்தப்பட்டார்கள்.

எங்கள் நோட்டீஸ் போர்டிலும் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். வேறு வேலை பார்ப்பது ஒழுங்கீனம், நடவடிக்கை எடுக்கப்படும், இப்படிக்கு மனிதவளத் துறை. கீழே நின்று படித்துக்கொண்டிருந்தவர்களிடம் அதை ஒட்டியவரே மெதுவாக, "உங்க பிரீமியம் இந்த மாசம் கட்டலையே, லாப்ஸ் ஆயிடப் போகுது" என்றார்.

பயந்துபோய் நான் சட்டத்தைப் புரட்டினேன். அப்போது அமலில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 60ஆவது பிரிவு: ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அதே நாளில் அந்தத் தொழிலாளி இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது. நியாயம்தான். ஒரு ஷிப்ட் முடித்த களைப்போடு இன்னொரு இடத்தில் பிரஸ் மெஷினுக்குள் கை விடுகிறவனுக்குக் கை மிஞ்சாது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அந்தச் சட்டம் வரம்பு வைத்ததும் இதே அக்கறையில்தான். ஆனால் சட்டம் எழுதியவர்கள் 'தொழிற்சாலை' என்றுதான் எழுதினார்கள். வயலையும், படகையும், பொன்னேரியில் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டார்கள். கம்பெனியின் நிலையாணையில் இதைவிடக் கறாராக ஏதாவது இருக்கலாம்; வேலைக்குச் சேர்ந்த அன்று அதில் கையெழுத்துப் போட்டவன் நான், படித்தவன் யாரும் இல்லை.

கம்பெனியே தரும் இரண்டாவது வேலைக்கு ஓ.டி. என்று பெயர். அதற்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். அதில் மட்டும் களைப்பு வராது என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி, விரும்பும் தொழிற்சாலைகள் 12 மணி நேர வேலை வைத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்களின் பரம்பரை நாம் என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. சரியான கொதிப்பு. ஆனால் எங்கள் பக்கம் சிலர் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டார்கள்: நாளுக்கு 12 மணி நேரம் என்றால் நாலு நாளில் 48 முடிந்துவிடும், மீதி மூன்று நாள் முழுக்க சைடு வேலை! எலக்ட்ரீஷியன் இரண்டு வீடு சேர்த்து ஒப்புக்கொண்டார். மே தினத்தன்று முதலமைச்சர் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். தொழிலாளர் உலகமே கொண்டாடிய அன்று, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போன ஒரே தொழிலாளி எங்கள் எலக்ட்ரீஷியன்தான்.

சைடு வேலைக்காரர்களுக்குப் பெரிய பரம்பரை உண்டு என்பதைச் சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1912 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், பார்சல் சுற்றிவந்த காகிதத்தில் கணக்குப் போட்டார். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் கணித ஆள். நடவடிக்கை எடுப்பதற்குப் பதிலாக ராத்திரியில் கூட உட்கார்ந்து அவரும் கணக்குப் போட்டார். மனிதவளத் துறை என்று ஒன்று அன்றைக்குத் துறைமுகத்தில் இருந்திருந்தால் இந்தியக் கணிதத்தின் கதி என்ன ஆகியிருக்கும்? பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்த ரங்கராஜன், வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகளாக எழுதித் தள்ளினார். குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். எங்கள் பக்கமும் விசிட்டிங் கார்டுகள் மனைவி பெயரில்தான் அச்சாகின்றன. காரணம் மட்டும் வேறு.

இரண்டு வேலை பார்ப்பதில் நேரம் போதாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. ராத்திரி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வேலைக்கும் தனித்தனிப் பஞ்சாங்கம் இருப்பதுதான் பிரச்சினை. கம்பெனிக்கு மாதக் கடைசி டிஸ்பாட்ச், மார்ச் கணக்கு முடிவு, வாடிக்கையாளர் ஆடிட். வீடு கட்டுகிறவருக்கு வாஸ்து நாள், வளர்பிறை, முகூர்த்தம். ஆடி மாதம் முழுக்க ஒரு போன் வராது; அப்போது கம்பெனியிலும் வேலை இருக்காது. ஆவணி பிறந்ததும் ஆடிட்டரும் பூமி பூஜையும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து நிற்பார்கள்.

அளவும் ஒத்துவராது. பகலில் நான் புழங்கும் உலகம் முழுக்க மில்லிமீட்டர். முடியில் பாதி கூடினால் பாகம் ரிஜெக்ட். பழக்கதோஷத்தில் வீட்டுப் பிளானையும் மில்லிமீட்டரிலேயே கொடுப்பேன். மேஸ்திரி ஒருநாள் ராத்திரி போன் செய்தார். "சார், ரூம்ல 3048னு போட்டிருக்கீங்களே, இது வீடா, இல்ல மண்டபமா?"

"பத்து அடி, மேஸ்திரி."

"அப்போ பத்து அடின்னே போடலாமில்ல? நாங்க எப்படியும் ஒன்பதேமுக்கால்தான் வெக்கப்போறோம்."

போதாக்குறைக்கு, 2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். மக்களுக்கு நல்ல காரியம். எனக்குத்தான், முன்பெல்லாம் 'அப்ரூவல் வர நாளாகும்' என்று ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடமும் போனது. "அப்ரூவலே உடனே தர்றான், ஒரு படம் வரைய உனக்கு ஒரு வாரமா?" என்கிறார்கள்.

திருவள்ளூரிலிருந்தும் ஆள் வருவதுண்டு. "ஒரே ஜில்லாதானே சார், சைட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பார்கள். 1997ல் செங்கல்பட்டைப் பிரித்து இந்த மாவட்டத்தை உண்டாக்கியபோது, கும்மிடிப்பூண்டிக்காரன் தலைநகரத்துக்கு எப்படிப் போவான் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்க வேண்டும். ரயில் என்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வேறு பாதையில் திரும்பி வர வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் வழியாகச் சுற்ற வேண்டும். ஒரு எட்டு எடுத்துவைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி.

கூலி விஷயத்தில் எல்லோரும் ஒரே மாதிரி. "இந்தத் தடவை பாத்துப் பண்ணுங்க, அடுத்த வீடும் உங்களுக்குத்தான்" என்று சொல்லாத ஆளில்லை. நகையை அடகு வைத்து, வங்கியில் இருபது வருஷக் கடன் எழுதிக் கொடுத்து, ஆயுளில் ஒரே வீட்டைக் கட்டுகிறவர், அடுத்த வீட்டை எனக்கு வாக்குக் கொடுப்பார்.

ஒருநாள் மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். சுற்றறிக்கை இன்னும் போர்டில் காய்ந்துகொண்டிருந்த நேரம். என் நாக்கும் காய்ந்தது. அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பத்திர நகலை எடுத்தார். பொன்னேரியில் மனை வாங்கியிருக்கிறார். "செக்யூரிட்டிதான் முடிச்சுக் கொடுத்தார். பிளானுக்கு உன் பேரைச் சொன்னார்" என்றார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆனா கம்பெனி நேரத்துல பண்ணக்கூடாது. அது தப்பு" என்றார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு இன்டர்காமில், "என்னப்பா, படிக்கட்டை எந்தப் பக்கம் வெச்சே?"

பகலில் அவர் என் டிராயிங்கைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார். ரிவிஷன் ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி அவர் வீட்டம்மா சொன்னாரென்று சமையலறையை அக்னி மூலைக்கும் வாயு மூலைக்குமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது, "சார், மூணு ரிவிஷனுக்கு மேல தனி சார்ஜ்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிங்க" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

வருமானத்தைவிட இதுதான் விஷயம் என்று தோன்றுகிறது. கம்பெனியில் நான் ஒரு டோக்கன் நம்பர். மேஸ்திரிக்கு நான் 'இன்ஜினியர் சார்'. முதல் தேதி சம்பளம் வந்துவிடும் என்பதால், கழுத்தை அறுக்கும் வாடிக்கையாளரிடம் "முடியாதுங்க" என்று சொல்லத் துணிவு வருகிறது. சாயங்காலம் நாலு பேர் சார் என்று கூப்பிடுவார்கள் என்பதால், பகலில் வாங்கும் திட்டு உள்ளே இறங்குவதில்லை. இரண்டு வேலையும் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன. எதை விடலாம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சொல்ல மட்டும் கொஞ்சம் உண்டு. கம்பெனியோடு போட்டி போடும் வேலையைத் தொடாதீர்கள். மாட்டிக்கொண்டால் நியாயம் பேச முடியாது. கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். இரண்டு இடத்தில் சம்பளப் பட்டியலில் ஏறினால் பி.எஃப். கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். சைடு வருமானத்தை வருமான வரிக் கணக்கில் எழுதிவிடுங்கள். பணம் கொடுத்தவர் உங்கள் பான் எண்ணில் பிடித்தம் செய்திருந்தால், நீங்கள் மறந்தாலும் துறை மறக்காது. ராத்திரி ஷிப்ட் முடித்த நாளில் பிளானைத் தள்ளிவைத்துவிட்டுத் தூங்குங்கள். மேனேஜரே கேட்டாலும் சரி, அட்வான்ஸ் வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள்.