மூளி அலங்காரி வகையறா

நாட்டுப்புறக் கதையில் வில்லியைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம். கொத்துச்சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவள்தான். ராட்சசனாவது ஏழு கடல் தாண்டி இருப்பான். இவள் அடுப்பங்கரையிலேயே இருப்பாள். பெற்ற தாய்க்கு இந்த வேஷம் கிடைப்பது அபூர்வம். அவள் முதல் வரியிலேயே கண்ணை மூடிவிடுவாள். அப்புறம் சித்தி, மாமியார், நாத்தனார், அண்ணி, சக்களத்தி என்று ஆளுக்கா பஞ்சம்?

ஆயுதமெல்லாம் வீட்டுச் சாமான்தான். ஏழு பிள்ளைகளோடு பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்தாள் நல்லதங்காள். அண்ணி மூளி அலங்காரி இல்லையென்றா சொன்னாள்? ஊர் பேசுமே! உலை வைக்க ஓட்டைப் பானை, எரிக்கப் பச்சை வாழை மட்டை எடுத்துக் கொடுத்தாள். கஞ்சத்தனத்தை உபசாரமாகப் பரிமாறும் இந்த வித்தை இன்னும் அழிந்துவிடவில்லை. விருந்தாளி செருப்பை மாட்டிய பிறகு, "அடடா, ஒரு வாய் காபிகூடச் சாப்பிடலையே!" என்று வாசல்வரை வந்து அங்கலாய்ப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

லட்சுமிநாத் பெஸ்பரூவா 1911-ல் அச்சில் கொண்டுவந்த அசாமியக் கதைகளில் தேஜிமோலா என்ற பெண்ணின் சித்தி இன்னும் கைகாரி. பட்டுத்துணி மூட்டைக்குள் எலியையும் தணலையும் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். துணி பாழானதும் பழியைப் பெண்மேல் போட்டு, நெல் குத்தும் உலக்கையாலேயே இடித்துக் கொன்றாள். வங்காளக் கதை ஒன்றில் ஆறு மூத்த ராணிகள், இளையவள் பெற்ற எட்டுக் குழந்தைகளைச் சாம்பல்மேட்டில் புதைத்துவிட்டு, பிறந்தது எலிக்குஞ்சும் தவளைக்குஞ்சும் என்றார்கள். ராஜா நம்பினார். அவர் நாட்டை எப்படி ஆண்டாரோ!

அந்த ராஜாவாவது ஊரில் இருந்தார். தேஜிமோலாவின் அப்பா வியாபாரத்துக்குப் போயிருந்தார். நல்லதங்காளின் அண்ணன் வேட்டைக்குப் போயிருந்தான். எல்லாம் முடிந்தபின் வந்து, குலுங்கிக் குலுங்கி அழுது, பெண்டாட்டியைத் தண்டித்து நல்ல பெயரை வாங்கிக்கொள்வார்கள். ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?’ என்று கதை சொல்லும் பாட்டியும் கேட்க மாட்டாள். சோறு ஊட்டுகிற அவசரத்தில் அவளுக்கு அந்த அண்ணியைத் திட்டவே நேரம் போதாது.

அடுத்த தடவை பேத்திக்கு நல்லதங்காள் கதையைச் சொல்லும்போது, அண்ணனை வேட்டைக்கு அனுப்பாமல் வீட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்துச் சொல்லிப் பாருங்கள். கதை நாலு வரியைத் தாண்டாது.