இறாலைக் கவ்விய பூனை

மாப்ளே, கோவிச்சுக்கப்படாது. காளிகாட்டுக்கு வந்து பதினஞ்சு நாள் ஆச்சு. காளியாத்தாவை ரெண்டு தடவை பாத்தேன். நீங்க கத்துறதை முப்பது தடவை கேட்டுட்டேன். ரெண்டு பேருல யாருக்கு நாக்கு நீளம்னுதான் இன்னும் பிடிபடல.

13 வயசுப் பயலைப் பாத்து, "மூளை இருக்கா ஒனக்கு"ன்னு கேக்கீங்க. இருக்கு மாப்ளே. ஆறு வயசுலயே முக்கால்வாசிக்கு மேல வளந்துருமாம். சைக்காலஜி படிக்கிற பெரிய பேத்தி சொன்னா. பெறகு நடக்குறது பருத்திக்காட்டுல பயிர் கலைக்கிற சோலி. நெருக்கமா முளைச்ச நரம்பு இணைப்புல புழங்காததைப் பிடுங்கிட்டு, புழங்குற நரம்புக்குக் கொழுப்புறை போட்டுக்கிட்டே வருது. பின்மண்டையில தொடங்குன வேலை முன்நெத்திக்கு வந்து முடிய 25 வயசு ஆயிரும். "பொறு, யோசி"ன்னு இழுத்துப் பிடிக்கிறதே அந்த முன்நெத்திதான். ஆசையும் கோவமும் கிளப்புற உள்மூளை அதுக்கு முன்னாலயே துள்ள ஆரம்பிச்சுருது. காளை வளந்தாச்சு, மூக்கணாங்கயிறு இன்னும் திரிச்சு முடியல.

அது சரி, ஒங்களுக்கு 45 ஆச்சே. ஒங்க கயிறு எங்க மாப்ளே?

இதே கல்கத்தாவுல 1922-ல கிரீந்திரசேகர் போஸ்னு ஒரு டாக்டர் மனப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார். அந்த வித்தையைத் தொடங்குன ஃப்ராய்டுக்கே கடிதாசி போட்டு, அப்பன் மகன் சங்கதி எங்க ஊர்ல கொஞ்சம் வேற மாதிரின்னு மல்லுக்கு நின்னவரு. ஒங்க வீட்டுல ஒரு பொழுது இருந்திருந்தா கடிதாசியைக் கிழிச்சுப் போட்டிருப்பார்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரங்க 6 வயசுலேருந்து 23 வயசு வரை 9,000 பேருக்கு மேல சேத்து, வளர்ற சூழல் மனசையும் மூளையையும் என்ன செய்யுதுன்னு பாத்தாங்க. அதுல இந்த ஊரும் ஒரு மையம். நல்லவேளை, ஒங்க வீட்டுக் கதவைத் தட்டல.

இன்னொண்ணு. தூக்கம் கூட்டுற மெலடோனின் இந்த வயசுல ஒண்ணு ரெண்டு மணி நேரம் பிந்தித்தான் சுரக்கும். பயலுக்கு 8 மணி நேரத்துக்குக் கொறையாத தூக்கம் வேணும். நீங்களோ அஞ்சரைக்கு டியூசனுக்குத் தட்டி எழுப்புதீங்க. தூக்கம் கெட்டா மனசு எங்க நல்லாருக்கும்? முட்டை மேல கெடக்குற கோழியைக் கூட நாங்க கலைக்க மாட்டோம்.

வெளையாட்டு போகட்டும். பய ரெண்டு வாரமா சோறும் சேக்காளியும் வேண்டாம்னு சுருண்டு கெடந்தா, அது வயசுக் கோளாறுன்னு விட்டுறாதீங்க. 14416-க்கு அடிங்க. சர்க்காரோட டெலி மானஸ். காசு கெடையாது, தமிழும் பேசுவாங்க.

இந்தக் காளி கோயில் வாசல்ல அந்தக் காலத்துல பட்டுவாங்கிற ஓவியருங்க படம் எழுதி வித்தாங்களே, பாத்திருக்கீங்களா? ஒரு பூனை, நெத்தியில நாமம், வாயில முழு இறால். வேசக்காரச் சாமியாரைக் குத்திக் காட்டுன படம். நேத்து ராத்திரி பத்து மணிக்குப் பய கையிலேருந்து செல்லைப் பிடுங்குனீங்க. ஒரு மணிக்கு நான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். போர்வைக்குள்ள ஒங்க மூஞ்சி மட்டும் நீலமா மினுங்குச்சு.

எனக்கு அந்தப் பூனை ஞாவகம் வந்துச்சு. ஒங்க செல்லையும் அலமாரியில வச்சுட்டுப் போயி லேக் மார்க்கெட்டுல கருவேப்பிலை வாங்கியாங்க, ரசம் கொதிக்குது.