காத்தா காத்ததா?

எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரம் மஞ்சப்பையில் இருந்தது. மஞ்சப்பை டிரங்குப் பெட்டியில், டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில், கட்டில்மேல் அம்மா. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நாற்பது வருஷமாக எங்கள் சொத்துக்கு இதுதான் பந்தோபஸ்து. பத்திரத்தைத் தொட வேண்டுமென்றால் முதலில் அம்மாவை எழுப்ப வேண்டும். மத்தியானத் தூக்கத்தில் அம்மாவை எழுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

சொத்து என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இருபதுக்கு முப்பது சைட். மில்லில் ஷிப்ட் பார்த்து, சீட்டுப் பிடித்து, அம்மாவின் இரண்டு வளையலையும் சேர்த்து அப்பா வாங்கியது. அந்த அறுநூறு சதுர அடியில் கீழே நாங்கள், மேலே குடித்தனம், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு மேலே கடவுள். அவர் மட்டும்தான் எங்கள் கிராஸ் தெருவில் வாடகை தராதவர்.

பத்திரம் கன்னடத்தில் எழுதப்பட்டது. அப்பா கன்னடம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆகவே தான் என்ன வாங்கினோம் என்பதை நாற்பது வருஷமாக நம்பிக்கையின் பேரில்தான் அனுபவித்து வருகிறார். அதில் நாலு எல்லை எழுதியிருக்கிறது: கிழக்கே ரோடு, மேற்கே கன்சர்வென்சி சந்து, வடக்கே கீற்றுக் கொட்டகை, தெற்கே எருமை வைத்திருப்பவர் வீடு. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக்கு ஆண்கள் பி.ஜி. எருமையும் இல்லை, எருமைக்காரரும் இல்லை. அவர் பத்திரத்தில் அவர் வீட்டுக்கு வடக்கெல்லையாக எங்கள் அப்பாவைப் போட்டிருக்கிறதாம். குடித்துவிட்டு வரும் இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பது மாதிரி ஒரு ஏற்பாடு.

இந்தப் பத்திரத்தை அப்பா ஒருநாள் லேமினேட் செய்துவிட்டார். ரேஷன் கார்டைப் போடப் போனவரிடம் கடைக்காரர், "வேற ஏதாச்சும் இருந்தா கொடுங்க சார், சேத்துப் போட்டுடலாம்" என்றிருக்கிறார். அந்த ஒரு 'சார்' செய்த வேலை. ஆறு பக்கமும் பளபளவென்று வந்தன. நாலாம் பக்கத்தில் பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு சிற்றெறும்பு மாட்டிக்கொண்டது. சாட்சிகள் கையெழுத்துப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, மூன்றாவது சாட்சி மாதிரி, ஆறு காலையும் ஊன்றி இன்னும் நிற்கிறது. பிறகு கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனபோது அந்த அதிகாரி பத்திரத்தைத் தடவினார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். "முத்திரை எழும்பியிருக்கான்னு விரலால பாக்கணும். பிளாஸ்டிக்கைத் தடவி நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?" அப்பாவுக்குப் புரியவில்லை. "நனையாம வெச்சிருக்கேன், அதுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்ல" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்படி இருந்த எங்களிடம் 2024 அக்டோபரில் அரசாங்கம் சொன்னது: பெங்களூரில் இனிமேல் சொத்தை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ இ-காத்தா வேண்டும். மாநகராட்சி இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துகளின் வரைவு காத்தாவைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தது. அவரவர் அவரவருடையதைத் தேடி எடுத்து, ஆதார், பத்திரம், வில்லங்கச் சான்று, கரண்ட் பில் நம்பர், வீட்டின் போட்டோ எல்லாம் கொடுத்து இறுதியாக்கிக்கொள்ள வேண்டும்.

"காத்தா காத்தாங்கிறியே, யாரைக் காத்தா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. காத்தா என்பது இந்த வீட்டுக்கு வரி கட்டுவது யார் என்று மாநகராட்சி தன் வசதிக்காக எழுதி வைத்துக்கொள்ளும் கணக்கு. அதை வைத்து மட்டும் வீடு உன்னுடையது என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாமல் வீட்டை விற்கவும் முடியாது. அதிலும் விதிப்படி இருக்கிற சொத்துக்கு ஏ காத்தா, விதி மீறியதற்கு பி காத்தா என்று இரண்டு சாதி. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முதலில் ஜாதகத்தைக் கேட்பார்கள், இரண்டாவது கேள்வி, "சொந்த வீடு ஏ-யா, பி-யா?"

நாங்கள் ஏ. ஆனால் வரைவில் இருந்த அப்பா வேறு அப்பா.

அப்பாவின் பெயரில் ஒரு 'ழ' உண்டு. பெயரை இங்கே சொல்ல மாட்டேன்; சொன்னால் அச்சில் இன்னொரு எழுத்துக்கூட்டல் பிறந்துவிடும். கன்னடத்துக்கும் ஒருகாலத்தில் இந்த எழுத்து இருந்தது. பழங்கன்னடத்தோடு அதைக் கைகழுவிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பத்திரம் எழுதியவர் காதில் விழுந்தபடி 'ள' போட்டார். ஓட்டர் ஐடியில் 'ல'. ஆதாரில் இங்கிலீஷில் இசட்-எச். கடைசி 'ன்' பத்திரத்தில் கிடையாது, ஆதாரில் உண்டு. இனிஷியல் பத்திரத்தில் ஒன்று, ஆதாரில் இரண்டு, ஏனென்றால் ஆதார் எடுத்த அன்று அப்பாவுக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்த ஊர் ஞாபகம் வந்து அதையும் சேர்த்துக்கொண்டார். ஆக, பத்திரத்தில் வாங்கியவர் ஒருவர், வரைவு காத்தாவில் வரி கட்டியவர் இன்னொருவர், ஆதாரில் இருப்பவர் மூன்றாமவர், ஓட்டுப் போட்டவர் நான்காமவர். நாலு பேரும் ஒரே கட்டிலில் ஓரமாகப் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரௌசிங் சென்டர் பையன், "ஒன் அண்ட் தி சேம் அஃபிடவிட் வேணும் அங்கிள்" என்றான். அதாவது, நான்தான் நான் என்று அப்பா நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். ரமண மகரிஷி கேட்ட அதே 'நான் யார்?' கேள்வி அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயதில் வந்தது, அதுவும் இ-ஸ்டாம்ப் காகிதத்தில்.

இ-ஸ்டாம்ப் வந்த கதை அப்பாவுக்குத் தெரியும். முன்பெல்லாம் வெண்டரிடம் போய், எச்சில் தொட்டு எண்ணிக்கொடுக்கும் முத்திரைத்தாள் வாங்க வேண்டும். அது அரசாங்கம் அச்சடித்ததா அல்லது எங்கள் மாநிலத்துக் கானாபூர்காரர் அப்துல் கரீம் தெல்கி அச்சடித்ததா என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. 2001-இல் அஜ்மீரில் பிடிபட்ட தெல்கி, 2017-இல் பெங்களூரிலேயே தண்டனைக் கைதியாக இறந்தார். அந்த மோசடிக்குப் பிறகுதான் இ-ஸ்டாம்ப் வந்தது. "அவன் பேப்பர் நல்ல கெட்டியா இருக்கும்" என்றார் அப்பா, வாங்கிப் பார்த்தவர் மாதிரி.

அஃபிடவிட் தயாரானது. நாலு பெயரும் ஒருவரே என்று அழகாக அடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், கீழே கையெழுத்துக்கு அடியில் அப்பாவின் பெயர் ஐந்தாவதாக ஒரு விதத்தில் இருந்தது.

அன்று ராத்திரி எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊரில் போலிப் பத்திரம் தயாரிக்கிறவனுக்கு இந்தக் கஷ்டம் எதுவுமே கிடையாது. அவன் ஆதாரில் ஒரு எழுத்து பிசகாது. இனிஷியல் எல்லா இடத்திலும் ஒன்றேதான். போட்டோவில் அவன் ஆள் நேராகப் பார்ப்பான். எறும்பு இருக்காது. காகிதம் தப்பும் தவறுமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அந்த ஆள் அசல்.

சப்-ரிஜிஸ்திரார் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றால், அது அவர் வேலையே இல்லை. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி அவர் பதிவது பத்திரத்தை, உரிமையை அல்ல. விற்கிறவர் மூலப் பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஒரு விதி போட்டுப் பார்த்தார்கள். உரிமையை ஆராய்வது பதிவாளருக்குக் கொடுத்த அதிகாரம் அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விரல் பிடிக்கிற தரகர்கூட "மாடு உன்னுதுதானா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். 1858-இலேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர், அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிற பெயர்தான் உரிமை என்று சட்டம் கொண்டுவந்தார். கப்பல்களைப் பதிகிற முறையைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். இங்கே அது கரை சேரவில்லை.

கணினியில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். கர்நாடகம் இதில் முன்னோடி வேறு: 'பூமி' திட்டத்தில் சுமார் இரண்டு கோடி பஹணிகளை, அதாவது விவசாய நிலப் பதிவுத் தாள்களை, கணினியில் ஏற்றி, கையால் எழுதியது இனிச் செல்லாது என்று அறிவித்த மாநிலம். அப்போது 15 ரூபாய் கொடுத்தால் நகல் கையில் கிடைத்தது. ஆனால் 2023-இல் பெங்களூரில் நடந்ததைக் கேட்டதிலிருந்து எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. பதிவான பத்திரங்களின் நகல்களிலிருந்து கைரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்து, ரேகையைப் போலியாக வார்த்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் வங்கிக் கணக்குகளைப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் காலி செய்திருக்கிறார்கள். பிறகுதான் நகலில் ரேகையை மறைக்க ஆரம்பித்தார்கள். காகித காலத்தில் வீட்டைத் திருடினார்கள். இப்போது வீடு அப்படியே இருக்கிறது, கட்டைவிரல் போய்விட்டது.

செய்தியைக் கேட்ட அப்பா ரெண்டு நாள் கட்டைவிரலை உள்ளே மடக்கியே நடந்தார். நான் சமத்தாக ஆதார் செயலியில் அவருடைய ரேகையைப் பூட்டி வைத்தேன். அடுத்த வாரம் ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் ஏற்கவில்லை. வரிசையில் பின்னால் பதினைந்து பேர். "எம்புள்ள என் வெரலப் பூட்டிட்டான்" என்று அப்பா அங்கேயே முறையிட்டிருக்கிறார். எங்கள் கிராஸில் என்னைப் பற்றி இப்போது ஒரு மாதிரியாகப் பேசிக்கொள்கிறார்கள்.

பெங்களூரில் காலி மனைச் சுவர்களில் பெயிண்டால் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: இந்தச் சொத்து விற்பனைக்கு அல்ல. கீழே ஒரு போன் நம்பர். முதன்முதலில் பார்த்த என் மச்சான், "விக்காததுக்கு எதுக்குடா விளம்பரம்?" என்று கேட்டான். எனக்கென்னவோ மற்ற எல்லாவற்றையும்விட அந்தச் சுண்ணாம்புச் சுவர்மேல்தான் மரியாதை. இங்கிலாந்தில் நிலப் பதிவேடு முழுக்கக் கணினியில்தான். இருந்தும் 2021-இல் லூட்டன் நகரத்துப் பாதிரியார் ஒருவர் வெளியூரில் இருந்தபோது அவர் வீட்டை வேறொருவன் அவர் பெயரிலேயே விற்றுவிட்டான். அவருக்குத் தகவல் சொன்னது எந்தக் கணினியும் அல்ல. உங்கள் வீட்டில் லைட் எரிகிறதே என்று அக்கம்பக்கத்தார்தான் போன் செய்தார்கள்.

எங்களுக்கு அந்த வசதி உண்டு. எதிர்வீட்டு அத்தை. காலை ஆறு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்தால் ராத்திரி சீரியலுக்குத்தான் எழுந்திருப்பாள். தளம் சதுர அடி என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வந்த ஒரு புரோக்கரை, அவன் பாட்டன் பெயர் வரைக்கும் விசாரித்து, ஸ்ரீராம்புரம் மெட்ரோ வரைக்கும் நடத்தித் திருப்பி அனுப்பியவள்.

இ-காத்தாவுக்கு வீட்டு போட்டோ வேண்டுமே, பிரௌசிங் சென்டர் பையனே வந்து போனைத் தூக்கிப் பிடித்தான். "யாருடா நீ, எதுக்குடா வூட்டப் படம் புடிக்கிற?" என்று அத்தை குறுக்கே வந்து நிற்கவும் அவன் அழுத்தவும் சரியாக இருந்தது. அவன் அதையே ஏற்றிவிட்டான். ஐந்தாவது பெயரைத் திருத்தி, இன்னொரு அஃபிடவிட் போட்டு, ஓ.டி.பி. மச்சானின் பழைய நம்பருக்குப் போய், அதையெல்லாம் மீட்டு, ஒருவழியாக இறுதி காத்தா வந்தது. பிரிண்ட் எடுத்தேன். சொத்தின் படம் என்ற கட்டத்தில் எங்கள் வீடு பாதி தெரிகிறது. மீதியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அத்தை.

அத்தையிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்குத்தி தெரியலையேடா" என்றாள்.