கால் கடுக்க நிற்பவரிடம் சிரிப்பு கேட்கலாமா?

கேள்வி: ஹோட்டல் சர்வர்கள் இப்போதெல்லாம் சிரிப்பதே இல்லையே, ஏன்? (வாசகர், மதுரை)

பதில்: காலையில் இட்லித் தட்டோடு பார்த்த அதே முகத்தை இரவு பத்தரைக்குப் பரோட்டாத் தட்டோடு பார்க்கிறீர்கள். நடுவே 'பிரேக் ஷிப்ட்' என்று இரண்டு மூன்று மணி நேரம். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. படுக்க இடமும் கிடையாது. முதலாளி கணக்கில் அது ஓய்வு. சர்வரின் கால்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா? (மாணவி, திருச்சி)

பதில்: வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் உணவகங்களுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-லேயே தனிச்சட்டம் வந்தாயிற்று. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்ற இருக்கை அது.

கேள்வி: பழக்கிவிட்டால் அடுத்த ஹோட்டலுக்கு ஓடிவிடுகிறார்கள். எதற்குப் பழக்க வேண்டும்? (ஹோட்டல் உரிமையாளர், கோவை)

பதில்: பழக்காத ஆள் ஓடாமல் உங்களிடமே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டல் தாக்கப்பட்டபோது, தப்பிக்க வழி தெரிந்த ஊழியர்கள் விருந்தினரை விட்டு ஓடவில்லை. சிலர் உயிரையே கொடுத்தார்கள். சிறு ஊர்களில் குணம் பார்த்து ஆளெடுப்பது, பொறுமையாக நீண்ட காலம் பழக்குவது, நல்ல வேலையைச் சூட்டோடு சூடாகப் பாராட்டுவது, இவையெல்லாம் அந்த நிறுவனத்தின் வழக்கம். 2001-லேயே பாராட்டுக்கென்று தனித் திட்டம் வைத்திருந்தார்கள். உயிர்த்தியாகத்தை எந்த முதலாளியும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அந்த மனசு ஒரே ராத்திரியில் முளைத்ததில்லை.

கேள்வி: எங்கள் பையன்கள் எதையும் சொந்தமாக முடிவெடுப்பதில்லையே? (மேலாளர், சேலம்)

பதில்: ஆறிய காபியை மாற்றித் தரவே சூப்பர்வைசரைத் தேட வேண்டுமென்றால் எப்படி முடிவெடுப்பார்கள்? ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் விருந்தினரின் குறையைத் தீர்க்க, ஓர் ஊழியர் மேலிடத்தைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிடலாம். நீங்கள் ஒரு காபியில் தொடங்குங்கள்.

கேள்வி: தாராளமாக டிப்ஸ் வைக்கிறேன். போதாதா? (வாசகர், சென்னை)

பதில்: வையுங்கள். ஆனால் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர் உங்கள் கண்ணில் படுவதே இல்லை. டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தால் முதலில் அடிபடுவது அவர்தான்.

கேள்வி: சாப்பிட வருகிற நான் என்னதான் செய்வது? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: "அண்ணே" என்று கூப்பிடுங்கள், சொடக்குப் போடாதீர்கள். கடை மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது பத்துப் பேரோடு போய் உட்காராதீர்கள்.