ரீல் விடாத ரீலு

ஏலே பேராண்டி, நீ அனுப்புன படம் வந்துச்சு. செவப்பும் தங்கக் கலருமா, கல்யாண மாப்பிள்ள கார் கணக்கா மினுமினுன்னு ஒரு சாமான். கீழ எழுதியிருக்க: "தாத்தா, 13 பேரிங், 18 கிலோ டிராக், வெல 1,400 தான். வாங்கட்டுமா?" உங்க ஆச்சிகிட்ட காட்டுனேன். கண்ணாடியப் போட்டு நல்லாப் பாத்துட்டு, "இது எதுக்கு, மாவாட்டவா?"ன்னா. அவ கேட்டதுலயும் ஞாயம் இருக்கு. கடத்தண்ணி நாலு தடவ பட்டுட்டா அது மாவாட்டக்கூட ஆவாது.

கைத்தூண்டிக்காரனுக்கு ரீலப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காத. நாப்பது வருசமா என் ரீலு என்னன்னு உனக்கே தெரியும். ஒரு மரக்கட்ட, அதுல சுத்துன தங்கூசி, அதான் நைலான் நரம்பு. பேரிங் கெடையாது, கைப்பிடி கெடையாது. ஆனா டிராக் உண்டு. வலது கை ஆள்காட்டி வெரல்ல, முதல் மடிப்புக்குக் குறுக்கால ஒரு வெள்ளத் தழும்பு ஓடுதே, சின்னப்புள்ளைல அதத் தடவித் தடவி என்னன்னு கேப்பியே, அதுதான் டிராக்கு. பாரை போட்ட கையெழுத்து. சைக்கிள் டியூப்ப வளையமா வெட்டி வெரல்ல மாட்டிக்கிடுதது எங்க வழக்கம். அன்னைக்குச் சோம்பேறித்தனம், மாட்டல. பாரை கடிச்சுட்டு ஓடுச்சு பாரு, தங்கூசி வெரல அறுத்துக்கிட்டே போவுது. விட்டா மீன் போயிரும், இறுக்கிப் பிடிச்சா வெரல் போயிரும். விட்டும் விடாமலும் பிடிக்கணும். அந்த 'விட்டும் விடாமலும்'கதத்தான் கடைக்காரன் டிராக்குன்னு பேரு வச்சு கிலோக் கணக்குல விக்கான்.

அதனால 18 கிலோன்னு பாத்ததும் வாயப் பொளக்காத. 18 கிலோ இழுவைய உன் கை தாங்குமா? லேப்டாப் பைய மாடியேத்த லிஃப்டு தேடுத ஆளு நீ. நீ சுத்தப்போற நூலு தாங்குததே 13 கிலோவுக்குள்ளதான். நூலு தாங்குத எடையில மூணுல ஒரு பங்கு, இல்ல நாலுல ஒரு பங்கு, அம்புட்டுக்குத்தான் டிராக்க வைக்கணும். ஆக, நாலு கிலோ தாராளம். மீன் நிறுக்குத ஸ்பிரிங் தராசு இருக்குல்ல, அத நூல் நுனியில கட்டி இழுத்தா எம்புட்டு வச்சிருக்கன்னு தெரிஞ்சுபோவும்.

எத்தன கிலோன்னு கேக்காத, எப்பிடி விடுதுன்னு பாரு. டிராக்க லேசா இறுக்கிட்டு நூல மெதுவா இழு. கொஞ்ச நேரம் அடம்புடிச்சு நின்னுட்டு வெடுக்குன்னு விட்டுச்சுன்னா வச்சுட்டு வந்துரு. நம்மூரு மினி பஸ்காரன் பிரேக் அடிக்காப்ல அடிக்க ரீலு அது. அந்த வெடுக்குலதான் நூலு அறும், மீனும் போவும். உள்ள வாஷர் வில்ல வில்லையா அடுக்கியிருக்கும். கம்பளித்துணி மாதிரி இருக்கது ஃபெல்ட்டு, கறுப்பாத் தகடு மாதிரி இருக்கது கார்பன். சின்ன மீனுக்கு ஃபெல்ட்டு போதும். பாரை மாதிரி நெடுக ஓடுத மீன் மாட்டுனா வாஷர் சூடேறும். அந்தச் சூட்டத் தாங்குதது கார்பன்தான்.

இந்தப் பேரிங்கு கதைக்கு வாரேன். பொண்ணுக்கு எத்தன பவுன் போடுவீகன்னு கேக்காப்ல ரீலுக்கு எத்தன பேரிங்குன்னு கேக்குதது இப்போ ஒரு சீக்காவே போச்சு. சபையில 13 பவுன்னு சொல்லி, வீட்டுக்கு வந்து உரசிப் பாத்தா 11 பவுன் கவரிங்கா இருந்த கல்யாணத்துல நான் சாப்புட்டுருக்கேன். பெரிய பல்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு, சுத்துத தலைக்கு ஒண்ணு, நூலு உரசி ஓடுத உருளைக்கு ஒண்ணு, கைப்பிடி பின்னால திரும்பாமத் தடுக்க ஒண்ணு. இது நல்லதா இருந்தா போதும். மிச்சம் எல்லாம் துரு குடியேற வாடகைக்கு விட்ட வீடு.

உடம்பு இரும்பு மாதிரி இருக்கணும்னு உன் சேக்காளி சொன்னான்னு சொன்னியே. அவன் சொன்னதுல பாதி நெசம். அலுமினிய உடம்பு வளையாது. பெரிய மீன் இழுக்கும்போது உள்ள பல்லும் பல்லும் நேரா நிக்கும். பிளாஸ்டிக் உடம்பு லேசா முறுக்கும், பல்லு தேயும். ஆனா பிளாஸ்டிக்க உப்பு தின்னாது. அலுமினியத்துல பெயின்ட் ஒரு எடத்துல பேந்துச்சுன்னா, பக்கத்துல ஸ்டீல் ஆணியும் இருந்துச்சுன்னா, நடுவுல உப்புத்தண்ணி நின்னு பேட்டரி மாதிரி வேல செஞ்சு அலுமினியத்தப் பொடிப் பொடியா அரிச்சுரும். அதனால கையில காசு கம்மியா இருக்கவனுக்கு என் தீர்ப்பு ஒண்ணுதான். பேர் தெரியாதவன் செஞ்ச உலோகத்த விட, பேர் தெரிஞ்சவன் செஞ்ச பிளாஸ்டிக் மேலு. சேக்காளி கோவிச்சா கோவிக்கட்டும்.

பேர் தெரிஞ்சவன்னா யாரு? ஷிமானோன்னு ஒருத்தன், ஜப்பான்ல சகாய்னு கத்திக்குப் பேர்போன ஊருல 1921-ல பட்டறை தொடங்கி சைக்கிளுக்குப் பல்சக்கரம் செஞ்சவன். 1970-லதான் தூண்டி சாமானுக்கு வந்தான். பல்லு வெட்டிப் பழகுன கை, அதான் ரீலு வழுக்கிக்கிட்டுச் சுத்துது. டைவாவும் ஜப்பான்காரன். பென் அமெரிக்காவுல பிலடெல்பியாவுல தொடங்குனவன், 1932-ல இருந்து கடல் ரீலுன்னா அவன் பேரும் அடிபடும். இவன்லாம் அம்பதாயிரத்துக்கும் செய்வான், ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கும் செய்வான். அந்தக் கீழ்ப்படியில நின்னு பாரு, உனக்கு ஆவுத சாமான் இருக்கும். தண்ணி புகாத ரீலுன்னு ஐ.பி.எக்ஸ்.5 அப்பிடி இப்பிடின்னு எழுதியிருப்பான். 5-ன்னா குழாயில இருந்து பீச்சுத தண்ணியத் தாங்கும்னு கணக்கு. கடலுக்குள்ள முக்கி வைக்கலாம்னு அர்த்தம் இல்ல. அதுக்கு வெலையும் கூட. சம்பளம் ஏறுன பொறவு பாத்துக்கிடலாம்.

ஒண்ணு சொன்னா சிரிப்ப. இந்த மாதிரி ரீலுக்கு மூலமே துணி மில்லுதான். இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுல இல்லிங்வொர்த்துன்னு ஒரு மில் மொதலாளி. நூற்கண்டு சும்மா நிக்க, அதோட தலப்பக்கமா நூலு உருவிக்கிட்டு ஓடுதத தினமும் பாக்க மனுசன். அத அப்பிடியே தூண்டிக்குக் கொண்டுபோயி 1905-ல காப்புரிமை வாங்கிட்டான். இன்னைக்கும் அதே சங்கதிதான். கண்டு சுத்தாது. வீசும்போது நூலு அதோட உதட்டத் தாண்டி உருவிக்கிட்டுப் போவும், திரும்பச் சுத்தும்போது நூலப் பிடிச்சுச் சுத்துத வளைகம்பிதான் கண்ட வலம் வரும். அவன் காப்புரிமை வாங்குன மறுவருசம் நம்ம தூத்துக்குடியில வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கிட்டாரு. 1908-ல கோரல் மில்லுல வேலைநிறுத்தமும் நடத்திட்டாரு. நம்மாளுக்கு மில்லப் பாத்தா தூண்டி நெனப்பு வரல, தொழிலாளி வயிறுதான் நெனப்புக்கு வந்துருக்கு.

சரி, கடைக்கு வா. எட்டயபுரம் சந்தையில முதுகத் தடவிப் பாக்காம ஆடு வாங்குதவன் உண்டா? நீ படத்தப் பாத்தே வாங்கப் பாக்க. கையில எடு. கைப்பிடிய முன்னயும் பின்னயும் ஆட்டு. கடகடன்னு ஆடுனா கீழ வை. கைப்பிடி உடம்புக்குள்ள நேரா மரை போட்டு ஏறுததா இருந்தா விசேசம். மறுபக்கத்துல இருந்து ஆணி போட்டு இறுக்குதது நாளாவ நாளாவ லொடலொடன்னு ஆயிரும். வளைகம்பியத் தொறந்து மூடு. அது ஓரத்துல வெரல் நகம் அளவுக்கு ஒரு உருளை இருக்கும். யாரும் அதப் பாக்க மாட்டான், நீ பாரு. நூல உருளை மேல போட்டு இழுக்கும்போது உருளை உருளணும். உருளாம நின்னா நூலு அதே எடத்துல அறுத்து அறுத்து வாய்க்கா வெட்டிரும், பொறவு அந்த வாய்க்கா நூல அறுக்கும். கடைசியா, வளைகம்பி ஸ்பிரிங்கும் உருளையும் தனியாக் கெடைக்குமான்னு கடைக்காரன்கிட்ட கேளு. தலையச் சொறிஞ்சான்னா நீயும் தலையாட்டிட்டு வெளிய வந்துரு.

நீ நிக்கப்போறது தூண்டில் வளைவுக் கல்லு மேலதான? 4000 சைசு போதும். பிரெய்டுன்னு சொல்லுத ஒல்லியான பின்னல் நூலு 200 மீட்டர் சுமாருக்கு ஏறும். ஊளி, நடுத்தரப் பாரை எல்லாம் அதுல அடங்கும். கம்பெனிக்குக் கம்பெனி சட்ட சைசு மாதிரி இந்த நம்பரும் மாறும், அதனால கைக்குப் பொருந்துதான்னு பாரு. 8000 வாங்கிட்டு நாளெல்லாம் வீசுனேன்னு வை, சாயங்காலம் ஆச்சிதான் தோளுக்கு எண்ண தேய்க்கணும். சீலா பிடிக்கணும்னு சொன்ன. நீ இருக்க மெட்ராஸ்ல சீலான்னா ஊளி, நம்மூருல சீலான்னா உங்க வஞ்சரம். கடைக்காரன்கிட்ட பேசும்போது எந்தச் சீலான்னு தெளிவாச் சொல்லு. இன்னொண்ணு, வள்ளத்துல போறேன்னு வான் தீவுப் பக்கம் போயி வீசாத. 1986-ல இருந்து தேசியப் பூங்கா. வனத்துறைக்காரன் ரீலோட உன்னயும் சேத்துச் சுத்திருவான்.

கையில 4,000 ரூவா இருந்தா முழுசையும் ரீலுல போட்டுராத. மூவாயிரத்துக்குள்ள ரீல முடி, மிச்சம் நூலுக்கு. பிரெய்ட நேராக் கண்டுல சுத்துனா வழுக்கும். நீ கைப்பிடியச் சுத்துவ, கண்டு அங்கனயே நிக்கும், நூலு மட்டும் வட்டமடிக்கும். அடியில கொஞ்சம் தங்கூசி சுத்திட்டு மேல பிரெய்டக் கட்டு. வழுக்காது, பிரெய்டும் கம்மியாப் போதும், காசும் மிச்சம். உதட்டுக்கு ரெண்டு மில்லி கீழ நிறுத்திரு. ஆசப்பட்டு வழிய வழியச் சுத்துனா, போன பொங்கலுக்கு நீ கல்லு மேல உக்காந்து ஒன்றரை மணி நேரம் சிக்கு எடுத்தியே, அந்தக் கூத்துதான். பக்கத்துல ஒரு சின்னப் பய கோழி எறகக் கட்டி மூணு ஊளி தூக்கிட்டான், அத உங்க அப்பன்கிட்ட நான் இன்னும் சொல்லல.

இம்புட்டும் வாங்கும்போது பாக்க சங்கதி. வாங்குன பொறவுதான் சோதனையே. ரீலக் கெடுக்குதது மீனுன்னு நெனைக்க. மீனு எங்கலே கெடுக்கு? அது வருசத்துக்கு நாலு தடவ கடிச்சா பெரிசு. உப்பு தினமும் கடிக்கும். உப்பளத்துக்காரன் ஊருல பொறந்துட்டு இதத் தெரியாம இருக்கலாமா? தண்ணி காஞ்சா அங்கன என்ன நிக்கும்? உப்புப் பரலு. அதே பரலு ரீலுக்குள்ள, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல நின்னு அரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்க நல்லா இறுக்கு, அப்பதான் வாஷருக்குள்ள தண்ணி போவாது. நல்ல தண்ணிய, பூவாளியில செடிக்கு ஊத்துதாப்ல மெதுவா ஊத்து. குழாய வச்சுப் பீச்சுனா உப்ப நீயே உள்ள தள்ளுத. வாளிக்குள்ள முக்குதது அதவிட மோசம். துணியால ஒத்தி எடுத்து நெழல்ல காய வை. பொறவு டிராக்கத் தளத்திரு, இல்லன்னா வாஷர் அமுங்கியே கெடந்து செத்துப்போவும். நூல் உருளையிலயும் கைப்பிடிக் குமிழுலயும் தையல் மிசின் எண்ண ஒரு சொட்டு. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான். தேங்காண்ண போடாத. முடிக்குப் போட்டா மணக்கும், ரீலுக்குப் போட்டா பிசினாகி ஒட்டிக்கிடும்.

நம்ம தெருவுல நல்ல தண்ணி குடம் 10 ரூவா. ரீலுக்கு அரைக்குடம் ஊத்துனா ஆச்சி என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியும். "குடிக்கத் தண்ணியில இரும்பக் குளிப்பாட்டுதியே, என்னைக்காவது என்னக் குளிக்கச் சொல்லித் தண்ணி எடுத்துத் தந்தியா?"ன்னு அறுபது வருசக் கணக்க எடுப்பா. நீ பதில் பேசாத, ஊத்துத தண்ணிய மட்டும் நிறுத்தாத. அந்த அஞ்சு ரூவாதான் உன் மூவாயிரத்தக் காக்குத வாட்ச்மேன்.

இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு கேக்க வேண்டாம், கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா ஆச்சி போன்ல போட்டுக் குடுத்துருவா, அதனால நானே சொல்லிருதேன். ஆறு வருசத்துக்கு முன்ன, ஒரு பிளாட்பாரக் கடையில, 900 ரூவாய்க்கு நான் ஒரு ரீலு வாங்குனேன். செவப்பு. அதுலயும் 13 பேரிங்னுதான் எழுதியிருந்துச்சு. யாருக்கும் தெரியாம நாலு நாள் விடியக்காலம் வீசுனேன். அஞ்சாம் நாள் ஆச்சிக்குத் தெரிஞ்சுறக் கூடாதுன்னு கழுவாமச் சாக்குல சுத்திப் பரண்ல போட்டேன். கச்சான் காத்து ஓஞ்ச பொறவு எடுத்துப் பாத்தா, கைப்பிடியச் சுத்துனா ரீலோட சேந்து நானும் சுத்துதேன்.

இப்போ அது கொல்லையில இருக்கு. ஆச்சி கருவாடு காயப்போடுத சாக்கு காத்துல பறக்காம இருக்க, ஒரு மூலைக்கு அது, மத்த மூணு மூலைக்கும் செங்கல்லு. அதுல ஒரு செங்கல்லு போன வாரம் ஒடஞ்சுபோச்சு. நீ அந்தச் செவப்பத்தான் வாங்குவேன்னு நின்னா, மெட்ராஸ் வீட்டுக்கு வரவைக்காத, நேரா இங்கனயே அனுப்பச் சொல்லிரு.